மூட்டைத் தாக்கும் சொந்த செல்கள்: மலையில் ஆய்வு செய்வோர் கேட்கும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் மருந்தாக்கியலும் விலங்கியலும் படிப்பவர்கள் முடக்குவாத ஆய்வில் இறங்கும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கடைசி இரண்டும் நோயாளிகளின் வீட்டார் கேட்பவை. கீழே சுண்டெலி என்றால் மவுஸ். எலி என்று மட்டும் சொன்னால் ரேட்.

சொந்த உடம்பையே தாக்கும் டி செல் எங்கிருந்து வருகிறது? உடம்பு அதை முதலிலேயே ஒழித்துவிடாதா?

பெரும்பாலானவற்றை ஒழித்துவிடுகிறது. நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்கள் நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்கின்றன. ஒவ்வொரு டி செல்லும் தன் ஏற்பியை (இலக்கை அடையாளம் கண்டு பற்றும் புரதத்தை) மரபணுத் துண்டுகளைக் குலுக்கிப்போட்டுத்தான் செய்துகொள்கிறது. அது எதைப் பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தைமஸின் உட்பகுதிச் செல்கள் ஏஐஆர்இ என்ற புரதத்தின் துணையோடு இன்சுலின் போன்ற பிற உறுப்புகளின் புரதங்களையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து காட்டுகின்றன. அவற்றை இறுகப் பற்றும் டி செல் அங்கேயே மடிகிறது. நடுத்தரமாகப் பற்றுபவற்றில் ஒரு பகுதி ஒழுங்குபடுத்தும் டி செல்லாக மாறுகிறது. தளர்வாகப் பற்றுபவை வெளியே போய்விடுகின்றன.

தேயிலைத் தொழிற்சாலையில் எத்தனை சல்லடை வைத்துச் சலித்தாலும் தூளோடு கொஞ்சம் நார் போகத்தான் செய்யும். தைமஸும் அப்படித்தான். குருத்தெலும்பின் இரண்டாம் வகைக் கொலாஜனை அடையாளம் காணக்கூடிய டி செல் உங்கள் ரத்தத்திலும் இருக்கிறது, மூட்டு வலியே இல்லாத பக்கத்து வீட்டுக்காரரிடமும் இருக்கிறது. அதனால் “சொந்த உடம்பைத் தாக்கும் செல் இருக்கிறதா?” என்று கேட்டு ஆய்வைத் தொடங்காதீர்கள். அதை எழுப்பியது எது, அடக்க வேண்டியது ஏன் அடக்கவில்லை, எழுந்த செல் மூட்டில் என்ன செய்கிறது என்ற மூன்றில் எது உங்கள் கேள்வி என்று முதலில் முடிவு செய்யுங்கள். விலங்கு மாதிரியை (நோயை வரவழைத்த ஆய்வு விலங்கை) தேர்ந்தெடுப்பது இந்த ஒரு முடிவில்தான் நிற்கிறது.

இந்தத் துறைக்கும் நம் மலைக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-இல் தொடங்கியது. பல பத்தாண்டுகள் அங்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆட்டு மூளையிலிருந்து தயாரானது. டேவிட் செம்பிள் கசௌலியில் உருவாக்கிய, ஃபீனாலால் கிருமியைச் செயலிழக்க வைக்கும் முறை அது. “நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

அந்த ஊசி எண்ணற்ற உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குக் கைகால் செயலிழந்தது. காரணம் வெறிநோய்க் கிருமி அல்ல. ஊசியோடு சேர்ந்து போன ஆட்டு மூளையின் மயலின் (நரம்பு உறை) புரதங்கள்தான். ஆட்டு மயலினும் மனித மயலினும் ஒன்றுபோல இருப்பதால், ஆட்டினுடையதைப் பார்த்து எழுந்த செல்கள் சொந்த நரம்பைத் தாக்கின. இதைப் புரிந்துகொள்ள 1930-களில் தாமஸ் ரிவர்ஸ் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப மூளைச் சாற்றை ஊசியாகப் போட்டு அதே நோயை வரவழைத்தார். தன்னுடல் தாக்குநோய்க்கான விலங்கு மாதிரிகளில் மூத்தது அதுதான். இந்தியாவில் நரம்புத் திசுத் தடுப்பூசி 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டது. மூட்டு மாதிரிகளில் சிலவும் இதே வழியில் இயங்குபவைதான்: வேறொரு விலங்கின் திசுப் புரதம், அதோடு எதிர்ப்பைத் தூண்டும் ஒரு துணைப்பொருள்.

எந்த மாதிரியை எடுப்பது? பெயர்களைக் கேட்டாலே தலை சுற்றுகிறது.

பெயர்களை விட்டுவிட்டு, நோய் எந்தப் படியில் தொடங்குகிறது என்று பாருங்கள்.

சொந்தப் புரதத்தைச் சகிப்பது உடைவது முதல் மூட்டு அழிவது வரை முழுக் கதையும் வேண்டுமானால் கொலாஜன் மாதிரி. 1977-இல் டிரென்தம், டவுன்ஸ், காங் ஆகியோர் எலியிலும், 1980-இல் கோர்ட்னே குழுவினர் சுண்டெலியிலும் காட்டினார்கள். டிபிஏ/1 என்ற சுண்டெலி இனம் இதற்கு ஏற்றது. அதன் எச்-2க்யூ வகை எம்எச்சி மூலக்கூறு, கொலாஜனின் 260 முதல் 270 வரையிலான அமினோ அமிலத் துண்டை நன்றாகப் பிடித்து டி செல்லுக்குக் காட்டுகிறது. அந்தத் துண்டின் 264-ஆம் இடத்து லைசினில் சர்க்கரை ஒட்டியிருக்கும். டி செல்கள் பலவும் அந்தச் சர்க்கரையைச் சேர்த்தே அடையாளம் காண்கின்றன. ஆய்வகத்தில் செய்து வாங்கும் வெறும் பெப்டைடுக்குப் பதில் குறைவாக வருவதற்கு இது ஒரு காரணம். பெப்டைடு வாங்கும்போதே சர்க்கரை ஒட்டியதா என்று கேளுங்கள்.

எதிர்ப்பான் (ஆன்டிபாடி) மூட்டில் படிந்த பிறகு நடப்பது மட்டும் போதுமென்றால், கே/பிஎக்ஸ்என் சுண்டெலியின் ரத்தநீரை வேறு சுண்டெலிக்கு ஏற்றும் முறை. இந்தச் சுண்டெலி 1996-இல் மாத்திஸ், பெனுவா ஆய்வகத்தில் எதிர்பாராமல் கிடைத்தது. மாட்டின் ஆர்என்ஏஸ் நொதியை அடையாளம் காண வடிவமைத்த கேஆர்என் என்ற டி செல் ஏற்பியை என்ஓடி என்ற சுண்டெலி இனத்தோடு கலந்தபோது, குட்டிகளுக்கு நான்கு வார வயதிலேயே மூட்டு வீங்கியது. அந்த டி செல் குறிவைத்தது குளுக்கோஸ்-6-பாஸ்பேட் ஐசோமரேஸ் என்ற நொதியை. அது எல்லாச் செல்லிலும் இருப்பது. பிறகு ஏன் மூட்டு மட்டும்? அந்த நொதி குருத்தெலும்பின் மேற்பரப்பில் படிகிறது, அங்கே காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரதத் தொடரைத் தடுக்கும் செல் சவ்வு எதுவும் இல்லை. இந்த மாதிரியில் நான் முக்கியமாகக் கருதும் பாடம் இது: மூட்டில் வரும் நோய்க்கு மூட்டுக்கே உரிய இலக்குப் புரதம் தேவையில்லை.

தைமஸ் தேர்வில் வரும் பிழையைப் பார்க்க எஸ்கேஜி சுண்டெலி. சாககுச்சி குழு 2003-இல் விவரித்தது. ஜாப்-70 என்ற சைகைப் புரதத்தின் 163-ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. சைகை தளர்வதால், மடிய வேண்டிய டி செல்கள் தப்பி வெளியே வருகின்றன. ஆனாலும் மிகச் சுத்தமான கூண்டில் வளர்ந்தால் இவற்றுக்கு மூட்டு வீங்குவதில்லை. பூஞ்சைச் சுவரின் சைமோசான் அல்லது மன்னான் கொடுத்தால் வீங்குகிறது. செல் தப்பியது போதாது, யாராவது எழுப்பவும் வேண்டும்.

எலியில் பிரிஸ்டேன் மாதிரியும் உண்டு. வெறும் எண்ணெய், புரதமே இல்லை. டிஏ எலிக்கு 150 மைக்ரோலிட்டர் தோலுக்குள் போட்டால் நீடித்த மூட்டழற்சி வரும்.

விஸ்டார் எலியின் பாதத்தில் ஃபிராய்ண்ட் துணைப்பொருள் (கொன்ற காசநோய்க் கிருமி கலந்த எண்ணெய்) போட்டு வீக்கம் அளக்கிறோம். இது தன்னுடல் தாக்குநோய் மாதிரிதானே?

மூலிகைச் சாறு சோதிக்கும் முதுகலைத் திட்டங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் நடக்கின்றன. நேராகவே சொல்கிறோம்: ஊசி போட்ட பாதத்தில் முதல் வாரம் பார்க்கும் வீக்கம், கொன்ற காசநோய்க் கிருமிக்கு உடம்பு காட்டும் உள்ளூர் அழற்சி. அதை டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையே குறைத்துவிடும். சொந்த உடம்பைத் தாக்கும் செல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

பார்க்க வேண்டியது ஊசி போடாத பாதத்தை. பியர்சன் 1956-இல் விவரித்த துணைப்பொருள் மூட்டழற்சியில் 10 முதல் 14 நாளுக்குள் மற்றப் பாதங்களும் கணுக்காலும் வீங்கும். அந்த இரண்டாம் அலைதான் டி செல்லின் வேலை. அந்த டி செல்களைப் பிரித்து வளர்த்து இன்னோர் எலிக்கு ஏற்றி நோயை வரவழைக்க முடியும் என்று இருன் கோஹன் குழு 1980-களில் காட்டியது. கிருமியின் 65 கிலோடால்டன் வெப்ப அதிர்ச்சிப் புரதத்தில் 180 முதல் 188 வரையுள்ள துண்டை அந்தச் செல் அடையாளம் கண்டது.

இரண்டாம் அலை ஒழுங்காக வருவது லூயிஸ் எலியில். விஸ்டாரில் விலங்குக்கு விலங்கு மாறும். துணைப்பொருளை வால் அடியில் போடுங்கள். பாதத்தில் போட்டால் விலங்கு அந்தக் காலை ஊன்ற முடியாமல் துன்பப்படும், உள்ளூர் வீக்கமும் அளவீட்டைக் கெடுக்கும்.

கொலாஜன் மாதிரியை எப்படிச் செய்வது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

ஆண் டிபிஏ/1 சுண்டெலி, 8 முதல் 12 வார வயது, குழுவுக்கு 10 முதல் 12. சமவெளியிலிருந்து மலை ஏறி வந்த விலங்குகளை இரண்டு வாரம் தொடாமல் விடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வந்த அலைச்சலில் அவற்றின் கார்டிகோஸ்டீரோன் ஏறியிருக்கும். அது ஸ்டீராய்டு, டி செல்லை அடக்கும். வந்த மூன்றாம் நாளே ஊசி போட்டு, வீக்கம் வரவில்லை என்று கொலாஜனைப் பழிப்பவர்கள் உண்டு.

மாட்டின் அல்லது கோழியின் இரண்டாம் வகைக் கொலாஜனை 0.05 மோலார் அசிட்டிக் அமிலத்தில் மி.லி.க்கு 2 மி.கி. வீதம், 4 டிகிரியில் இரவு முழுவதும் மெதுவாகக் கிளறிக் கரையுங்கள். வோர்டெக்ஸில் வேகமாக ஆட்ட வேண்டாம். கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு. சூடுபட்டால் முறுக்கு அவிழும். அவிழ்ந்த கொலாஜனுக்கு எதிராக வரும் எதிர்ப்பான் உயிருள்ள குருத்தெலும்பில் ஒட்டாது, நோயும் வராது. ஊட்டியின் குளிர் இருக்கிறதே என்று ஐஸை விட்டுவிடாதீர்கள். கலக்கும்போது சிரிஞ்சுக்குள் உராய்வால் ஏறும் சூடு அறையின் குளிரைப் பார்க்காது.

10 சுண்டெலிக்கு 1 மி.லி. பால்மம் (எமல்ஷன்) தேவை. ஆனால் சிரிஞ்சிலும் இணைப்பிலும் பாதி ஒட்டிக்கொள்ளும், எனவே 2 மி.லி. செய்யுங்கள். 1 மி.லி. கொலாஜன் கரைசல், 1 மி.லி. முழு ஃபிராய்ண்ட் துணைப்பொருள். துணைப்பொருளில் எச்37ஆர்ஏ என்ற கொன்ற காசநோய்க் கிருமி மி.லி.க்கு 4 மி.கி. இருந்தால் நல்லது. 1 மி.கி. உள்ளதிலும் வரும், ஆனால் எல்லா விலங்குக்கும் வராது. இரண்டு கண்ணாடி லூயர்-லாக் சிரிஞ்சுகளை மருந்துக் கடையில் கிடைக்கும் மூன்று வழி அடைப்பானால் இணைத்து, ஐஸ் மேல் வைத்து, மாற்றி மாற்றி 10 நிமிடமாவது தள்ளுங்கள். முதலில் தண்ணீர் போல ஓடும். பிறகு கை வலிக்கும் அளவுக்கு இறுகும், நிறம் தயிர் போல வெளுக்கும்.

போதுமா என்று பார்க்க, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்து ஒரு சொட்டு விடுங்கள். சொட்டு வெள்ளை முத்துப் போல உருண்டு அப்படியே மிதக்க வேண்டும். ஓரத்தில் புகை போலப் பிரிந்து பரவினால் மறுபடியும் தள்ளுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்தாலும் முத்து முத்தாகவே இருக்க வேண்டும். பரவும் பால்மத்தை ஒருபோதும் ஊசியில் ஏற்றாதீர்கள். மொத்தப் பரிசோதனையும் தோற்கும் இடம் பெரும்பாலும் இந்தச் சொட்டுதான்.

மயக்கம் கொடுத்து, வால் அடியிலிருந்து ஒன்றரை முதல் 2 செ.மீ. தள்ளி, தோலுக்குள்ளேயே 100 மைக்ரோலிட்டர். இதில் 100 மைக்ரோகிராம் கொலாஜன் இருக்கும். சரியாகப் போனால் அழுத்தம் கையில் தெரியும், தோல் வெளுத்து மேடாகும். லேசாக நழுவிப் போனால் ஊசி தோலுக்கு அடியில் போய்விட்டது என்று பொருள். 21-ஆம் நாள் அதே அளவு கொலாஜனை, கிருமி இல்லாத துணைப்பொருளில் கலந்து, முதல் புண்ணுக்குச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். வீக்கம் 24 முதல் 35-ஆம் நாளுக்குள் தொடங்கும்.

ஒரு எச்சரிக்கை: கண்ணாடி அணியுங்கள், ஊசியைத் திரும்ப மூடாதீர்கள். நம் ஊரில் ஏறத்தாழ எல்லோரும் குழந்தையிலேயே பிசிஜி போட்டுக்கொண்டவர்கள். இந்தப் பால்மம் தவறி விரலில் ஏறினால் கிருமிப் புரதத்தை ஏற்கெனவே அறிந்த நம் டி செல்கள் கடுமையாக எழும். மாதக்கணக்கில் ஆறாத புண் வரும். உடனே மருத்துவரிடம் போய், போட்டது என்னவென்று சொல்லுங்கள்.

மதிப்பெண் போடுவது எப்படி?

பாதத்துக்கு 0 முதல் 4, மொத்தம் 16. ஒரு விரலில் மட்டும் சிவப்பும் வீக்கமும் இருந்தால் 1. விரல்களைத் தாண்டிப் பாதம் வரை பரவினால் 2 அல்லது 3. கணுக்கால் உட்பட முழுப் பாதமும் வீங்கி மூட்டு விறைத்தால் 4. கம்பி மூடியின் மேல் விட்டு, பின்னிருந்து பாருங்கள். தொடக்கத்தில் ஒற்றை விரல் நடுவில் மட்டும் கடுகளவு தடித்து இளஞ்சிவப்பாகத் தெரியும். அவசரத்தில் அதைத் தவறவிட்டால் நோய் தொடங்கிய நாளே தப்பாகிவிடும். யார் எந்தக் குழு என்று தெரியாதவர்தான் மதிப்பெண் போட வேண்டும்.

டிபிஏ/1 ஆண்கள் ஒன்றையொன்று கடிக்கும். கடிபட்ட விரலும் வீங்கும். தோலில் காயம் இருந்தால் அந்தப் பாதத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வயதான ஆண்களைக் கூட்டமாக வைத்தால் ஊசி போடாமலேயே மூட்டழற்சி வருவதும் உண்டு. ஊசி போடாத கட்டுப்பாட்டுக் குழு அதற்காகவே தேவை.

வீக்கம் வந்துவிட்டது. டி செல்தான் காரணம் என்று எழுதலாமா?

கூடாது. கே/பிஎக்ஸ்என் ரத்தநீரை 150 மைக்ரோலிட்டர் வீதம் முதல் நாளும் மூன்றாம் நாளும் ஏற்றினால், டி செல்லும், எதிர்ப்பான் சுரக்கும் பி செல்லும் அறவே இல்லாத சுண்டெலிக்கும் சில நாளில் மூட்டு வீங்கும். எதிர்ப்பானும் நியூட்ரோஃபில் வெள்ளணுவும் காம்ப்ளிமென்டும் போதும். எதிர்ப்பக்கம், பி செல் இல்லாத சுண்டெலிக்குக் கொலாஜன் மாதிரி வருவதில்லை, அதற்கு டி செல் பதில் இருந்தும். வீக்கம் என்பது கதையின் கடைசிப் பக்கம். யார் எழுதியது என்பதை அது சொல்லாது. செல்லைக் காட்ட வேண்டும்.

செல்லைக் காட்டுவது எப்படி?

வால் அடியில் போட்ட ஊசி வடியும் இடம் தொடை இடுக்கு நிணநீர்க் கணு. முதல் ஊசிக்குப் பின் 10-ஆம் நாள் அதை எடுங்கள். மூட்டு வீங்கிய பிறகு மண்ணீரலை எடுப்பவர்களுக்குப் பதில் மங்கலாகத்தான் கிடைக்கும். 70 மைக்ரான் வலையில் தேய்த்து, குழிக்கு 5 லட்சம் செல் வீதம், ஆர்பிஎம்ஐ ஊடகத்தில் 50 மைக்ரோமோலார் மெர்காப்டோஎத்தனால் சேர்த்து வளருங்கள். அது இல்லாவிட்டால் சுண்டெலி லிம்ஃபோசைட்டுகள் இரண்டாம் நாளே வாடும்.

இங்கே கொலாஜனை நேர்மாறாகக் கையாள வேண்டும். ஊசிக்கு முறுக்கு அவிழாத கொலாஜன். குழிக்கு 56 டிகிரியில் அரை மணி சூடாக்கி அவிழ்த்த கொலாஜன், மி.லி.க்கு 50 முதல் 100 மைக்ரோகிராம். எதிர்ப்பான் முழு வடிவத்தைப் பார்க்கிறது, டி செல் வெட்டிய துண்டைத்தான் பார்க்கிறது. 72 மணி நேரம் கழித்து மேல்நீரில் ஐஎல்-17, இன்டர்ஃபெரான் காமா என்ற டி செல் சுரக்கும் சைகைப் புரதங்கள் இரண்டையும் எலைசா சோதனையில் அளவிடுங்கள்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது பெரியது: துணைப்பொருளில் காசநோய்க் கிருமி இருந்ததால், எழுந்த டி செல்களில் பெரும் பங்கு கிருமிக்கு எதிரானவை. மொத்த ஐஎல்-17 செல்களை எண்ணிவிட்டு “தன்னுடல் தாக்கும் டிஎச்17 (ஐஎல்-17 சுரக்கும் டி) செல்கள் உயர்ந்தன” என்று எழுதினால் அது தவறு. முட்டையின் ஓவால்புமினை அதே துணைப்பொருளில் போட்ட சுண்டெலிகளை ஒரு குழுவாக வையுங்கள். கொலாஜன் குழிக்கும் கொலாஜன் போடாத குழிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கிருமிப் புரதமான பிபிடி போட்ட குழி, செல்கள் உயிரோடு இருந்ததற்குச் சாட்சி. இரண்டாவது, ஊடகத்தில் போடும் கன்று ரத்தநீர். மாட்டுக் கொலாஜனில் மாட்டின் பிற புரதம் துளி கலந்திருந்தால், அந்தச் சுண்டெலியின் செல்கள் கன்று ரத்தநீருக்கே பதில் தரும். வெற்றுக் குழியின் எண் ஏறினால் இதைச் சந்தேகியுங்கள். அந்த ரத்தநீரை விட்டு 1 சதவீதச் சுண்டெலி ரத்தநீருக்கு மாறலாம்.

டெட்ராமர் (பெப்டைடு ஏற்றிய நான்கு எம்எச்சி மூலக்கூறுகளைச் சாயத்தோடு கோத்தது) வசதி இருந்தால் நேரடியாகவே எண்ணலாம். சாதாரண நிலையில் ஒரு குறிப்பிட்ட துண்டை அடையாளம் காணும் சிடி4 வகை டி செல் 10 லட்சத்துக்குச் சிலதான். அதனால் காந்த மணியால் செறிவாக்கிய பிறகே, செல்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் ஓட்டுங்கள். இறந்த செல்களையும் பி செல்களையும் முதலில் விலக்குங்கள். அவை எல்லாச் சாயத்தையும் ஒட்டவைத்துக்கொள்ளும். கிளிப் என்ற சம்பந்தமில்லாத துண்டு ஏற்றிய டெட்ராமரை எதிர்க்கட்டுப்பாடாக வையுங்கள். அதிலும் புள்ளிகள் தெரிந்தால் உங்கள் “தன்னுடல் செல்” வெறும் ஒட்டல்.

ஒழுங்குபடுத்தும் டி செல்லை ஃபாக்ஸ்பி3 (அதன் அடையாளப் புரதம்) பார்த்து எண்ணினால் போதுமா?

எண்ணிக்கை மட்டும் போதாது. சிடி25 என்ற மேற்பரப்புப் புரதம் உள்ள செல்களை எதிர்ப்பானால் குறைத்தால் கொலாஜன் மாதிரி கடுமையாகிறது, எனவே அவை காக்கின்றன என்பது உறுதி. ஆனால் 2014-இல் கொமாட்சு, தாகயனாகி குழு காட்டியபடி, சுண்டெலி மூட்டில் சில செல்கள் ஃபாக்ஸ்பி3-ஐ இழந்து ஐஎல்-17 சுரப்பவையாக மாறி, எலும்பு தின்னும் ஆஸ்டியோகிளாஸ்டைத் தூண்டுகின்றன. காவலாளியே சாவியைக் கொடுத்துவிடுகிறான். இன்னொரு சிக்கல், தூண்டப்பட்ட சாதாரண டி செல்லிலும் சிடி25 ஏறும். சிடி25 மட்டும் பார்த்து ஒழுங்குபடுத்தும் செல் என்று சொல்லாதீர்கள்.

மலை உயரத்தால் ஆய்வகத்தில் ஏதாவது மாறுமா?

மாறும். கீழிருந்து வந்த செய்முறைத் தாள் இதைச் சொல்லாது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் 101 கிலோபாஸ்கல், இங்கே ஏறக்குறைய 77.

ஆட்டோகிளேவ் மானி வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தத்தைத்தான் காட்டும். 15 பிஎஸ்ஐ காட்டும்போது கீழே 121 டிகிரி. ஊட்டியில் சுமார் 117 தான். 121 வேண்டுமானால் மானி 18.5 பிஎஸ்ஐ அருகே நிற்க வேண்டும். கலம் அதற்குத் தாங்குமா என்று தகட்டில் உள்ள உச்ச அளவைப் பாருங்கள். தாங்காதென்றால் 15 நிமிடத்தை 40 நிமிடமாக்குங்கள். இது சில்லறை விஷயம் அல்ல. சரியாகக் கொதிக்காத படுக்கைத் தூளிலும் தீவனத்திலும் வரும் நுண்ணுயிர்தான் எஸ்கேஜி சுண்டெலிக்கு நோயைத் தொடங்கி வைக்கும். கே/பிஎக்ஸ்என் சுண்டெலியில் குடலின் இழைநுண்ணுயிர் ஒன்றே டிஎச்17 செல்லைப் பெருக்கப் போதுமானது.

கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரிலும் இதே கணக்குதான். 5 சதவீதம் என்பது பங்கு. பிஎச்சைத் தீர்மானிப்பது அழுத்தம். இங்கே 5 வைத்தால் ஊடகம் ஊதாப் பக்கம் சாயும், செல் பெருகுவது குறையும். 6.5 அருகே வையுங்கள். சில கருவிகள் உயரத்துக்குத் தாமே திருத்திக்கொள்ளும், கையேட்டைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

விலங்கு அறையில் ஜனவரி இரவுதான் சோதனை. சுண்டெலிக்குச் சுகமான வெப்பம் 30 டிகிரி அருகே. 22 டிகிரியே அதற்குக் குளிர்தான். மின்சாரம் போய் ஹீட்டர் நின்ற இரவை வெப்பப் பதிவில் குறித்து வையுங்கள். கூடு கட்டக் காகிதத் துணுக்குகள் தாராளமாகப் போடுங்கள்.

அனுமதியும் வலி நிவாரணமும்?

1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் மத்தியக் குழுவில் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். நிறுவன விலங்கு நெறிமுறைக் குழு உங்கள் படிவம் பி-யை ஏற்ற பிறகே ஊசி. எத்தனை விலங்கு, ஏன் அத்தனை, எந்த நிலையில் நிறுத்துவீர்கள் என்பதை எண்ணாக எழுதுங்கள். எடை 20 சதவீதம் குறைந்தாலோ, நடந்து தீவனத்துக்குப் போக முடியாவிட்டாலோ அந்த விலங்கின் பரிசோதனை அங்கேயே முடிய வேண்டும்.

வீங்கிய பாதத்தோடு சுண்டெலி கம்பி மூடிக்கு எட்டிப் பிடித்து உண்ண முடியாது. ஈரத் தீவனத்தைத் தரையில் வையுங்கள், தண்ணீர்க் குழாயை நீளமாக்குங்கள், மெத்தென்ற படுக்கை போடுங்கள். டைக்ளோஃபெனாக் வகை மாத்திரை வீக்கத்தையே குறைப்பதால் மாதிரி குலையும். வேறு வகை வலி நிவாரணியை எல்லாக் குழுவுக்கும் ஒரே அளவில் கொடுக்கத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். வலி தாங்கும் விலங்கிடமிருந்து நாம் பெறும் எண் அது. பராமரிப்பில் குறை வைக்க நமக்கு உரிமை கிடையாது.

என் பெரியம்மாவுக்குச் சரவாங்கி. எலிக்கு வரவழைப்பதும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல, சொந்தம். சரவாங்கி என்று நம் ஊரில் சொல்லும் முடக்குவாதத்தில் பலருக்குச் சிட்ருலின் என்ற அமினோ அமிலம் ஏறிய புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பான், மூட்டு வீங்கச் சில ஆண்டு முன்பே ரத்தத்தில் இருக்கும். சுண்டெலிக்கு நாம் நாள் குறித்து ஊசி போடுகிறோம். பெரியம்மாவுக்கு யாரும் போடவில்லை. ஆனால் மனிதரிலும் எம்எச்சி மூலக்கூறின் வடிவம் முக்கியம். அதன் டிஆர்பி1 சங்கிலியில் 70 முதல் 74 வரையுள்ள அமினோ அமிலங்களின் ஒரு பொது வரிசை நோய் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று 1987-இல் தெரிந்தது. புகைப்பழக்கம் அதோடு சேர்ந்தால் வாய்ப்பு இன்னும் கூடும்.

சுண்டெலி சொன்னது மனிதரிடம் பலித்ததும் உண்டு, பலிக்காததும் உண்டு. டிஎன்எஃப் (அழற்சியைத் தூண்டும் புரதம்) தடுப்பு கொலாஜன் மாதிரியில் மூட்டைக் காத்ததை வில்லியம்ஸ், ஃபெல்ட்மன், மைனி 1992-இல் வெளியிட்டார்கள். இன்று அது உலகெங்கும் மருந்து. ஐஎல்-17 தடுப்பும் சுண்டெலியில் நன்றாக வேலை செய்தது. முடக்குவாதத்தில் பலன் சுமார்தான். சொரியாசிஸிலும் முதுகுத்தண்டு மூட்டழற்சியிலும்தான் அது நிலைபெற்றது. டிஎன்எஃப் தடுப்பு மருந்து தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம், உறங்கும் கிருமியை அடக்கி வைத்திருப்பதும் அதே டிஎன்எஃப்தான்.

பெரியம்மா மெதோட்ரெக்சேட் சாப்பிடுகிறார் என்றால் ஒன்றை வீட்டில் எல்லோரும் தெரிந்திருங்கள்: அது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை அடங்கி உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று அட்டையின் மேல் எழுதி ஒட்டுங்கள்.

மலைக் குளிரால்தான் இந்த வாதம் வருகிறதா?

குளிரில் மூட்டு விறைக்கும், இருக்கிற வலி கூடும். ஆனால் குளிர் தன்னுடல் தாக்கும் செல்லை உருவாக்குவதில்லை. சரிவில் கூடை சுமந்து ஏறி இறங்கும் தோட்டத் தொழிலாளிக்கு மாலையில் முழங்கால் வலித்து ஓய்வில் குறைந்தால் அது பெரும்பாலும் தேய்மானம். காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் இரு கை விரல்களும் மடங்காமல் விறைத்து, விரல் கணுவும் மணிக்கட்டும் வீங்கி, இப்படியே ஆறு வாரம் நீடித்தால் அது வேறு. அப்போது தைலம் தேய்த்துக்கொண்டு மாதங்களைக் கடத்தாமல் மூட்டு மருத்துவரிடம் போய் ஆர்எஃப், ஆன்டி-சிசிபி என்ற எதிர்ப்பான்களுக்கான ரத்தப் பரிசோதனை இரண்டும் பாருங்கள். இரண்டும் இல்லை என்று வந்தாலும் வீக்கம் இருந்தால் விடாதீர்கள். அந்த எதிர்ப்பான்கள் இல்லாமலும் இந்த நோய் வருவதுண்டு.